ஃபயர்ஃபாக்ஸ் நைட்லியின் வேகத்தைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபயர்ஃபாக்ஸ் நைட்லி, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் மூலநிரலில் அன்றன்று சேரும் மாற்றங்களோடு நாளுக்கு இருமுறை வெளிவரும் சோதனைப் பதிப்பு. அதை நிறுவி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு "பறக்கிறது" என்றோ "இழுக்கிறது" என்றோ பலர் சொல்கிறார்கள். அவர்கள் உணர்ந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த நிரலாளரும் எதையும் திருத்த முடியாது. எந்தப் பில்டு (மூலநிரலிலிருந்து ஒருமுறை உருவாக்கி வெளியிட்ட பிரதி), எந்தக் கணினி, எந்தப் பக்கம், எதோடு ஒப்பிட்டது, எவ்வளவு வித்தியாசம் என்ற ஐந்தும் சேர்ந்து வந்தால்தான் அது பயன்படும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். புதிதாக வருபவர்களின் உழைப்பு வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், மூன்றாம் படியைச் செய்யாமல் நேராக நான்காம் படிக்குத் தாவுவதுதான்.

1. எந்த வேகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஐகானை அழுத்தியதிலிருந்து ஜன்னல் திறக்கும் நேரம் ஒன்று. பக்கம் ஏறும் நேரம் இன்னொன்று. உருட்டும்போது வரும் திணறல், எழுத்து தட்டினால் திரையில் தெரிய ஆகும் தாமதம், நினைவகம் தின்னும் அளவு, வீடியோ ஓடும்போது பேட்டரி இறங்கும் வேகம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று முன்னேறும்போது இன்னொன்று பின்வாங்கலாம். புதிய டேப் சட்டென்று திறப்பதற்காக ஃபயர்ஃபாக்ஸ் ஒரு செயல்முறையை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். அந்த வேகத்துக்கான விலையை நினைவகம் கொடுக்கிறது.

அதனால் ஒரே ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். "நீளமான தமிழ்ச் செய்திப் பக்கத்தை உருட்டும்போது நைட்லியில் திணறல் கூடியிருக்கிறதா?" என்பது நல்ல கேள்வி. "நைட்லி வேகமா?" என்பதற்கு எந்தச் சோதனையாலும் பதில் சொல்ல முடியாது.

2. முன்கூட்டியே வேண்டியவை

மடிக்கணினி என்றால் சார்ஜர் அவசியம். பேட்டரியில் ஓடும்போது செயலியின் வேகத்தை இயங்குதளமே குறைத்துவிடும்; ஒரு பிரவுசரை 90 சதவீதத்திலும் மற்றதை 30 சதவீதத்திலும் அளந்தால் நீங்கள் அளந்தது பேட்டரியைத்தான்.

வட்டில் சில ஜி.பி. காலி இடம் இருக்கட்டும். பத்தாவது படியில் பழைய பில்டுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டியிருக்கும், ஆகவே போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றாட டேட்டா வரம்போடு இருப்பவர்கள் அந்தப் படியை வரம்பில்லாத இணைப்புக்கு ஒத்திவைப்பது நல்லது. எண்களைக் குறிக்க ஒரு விரிதாள், பிழையைப் பதிவு செய்ய மொசில்லாவின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் ஒரு கணக்கு, இடைஞ்சல் இல்லாத இரண்டு மூன்று மணி நேரம். இவ்வளவு போதும்.

லினக்ஸ் பயனர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டுவோடு வரும் ஃபயர்ஃபாக்ஸ், ஸ்னாப் என்ற வகைத் தொகுப்பு. அது சுருக்கப்பட்ட கோப்பு முறைமையிலிருந்து ஏறுவதால் முதல் திறப்பு தாமதமாகும். அதை ரிலீஸாக (எல்லோருக்கும் வெளியாகும் வழக்கமான பதிப்பாக) வைத்துக்கொண்டு, டார் வகைக் கோப்பிலிருந்து பிரித்த நைட்லியோடு திறப்பு நேரத்தை ஒப்பிட்டால் நைட்லி அபாரமாகத் தெரியும். அந்த வித்தியாசம் தொகுப்பு முறையிலிருந்து வந்தது, நிரலிலிருந்து வரவில்லை. மொசில்லா தன் சொந்த ஏ.பி.டி. (லினக்ஸில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி) களஞ்சியத்தில் 2023 அக்டோபரிலிருந்து நைட்லியை டெப் தொகுப்பாகவும் தருகிறது. ரிலீஸும் நைட்லியும் ஒன்று இரண்டும் டெப்பாக இருக்கட்டும், இல்லையேல் இரண்டும் டார் கோப்பாக இருக்கட்டும்.

விண்டோஸில் இதேபோல் 32 பிட்டா 64 பிட்டா என்று "அபவுட் ஃபயர்ஃபாக்ஸ்" பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கணினியிலிருந்து அப்படியே தொடர்ந்து வரும் நிறுவல்களில் 32 பிட் இன்னும் ஒளிந்திருக்கும்.

3. இப்போது இருப்பதை அளந்து வையுங்கள்

நைட்லியை இறக்குவதற்கு முன்னால், தினமும் பயன்படுத்தும் ரிலீஸ் பதிப்பில் உங்கள் கேள்விக்கான அளவை ஒருமுறை எடுத்து எழுதுங்கள். இதை முறையான சோதனை என்று கொள்ள வேண்டாம். அது ஏழாம் படியில் வரும். இப்போது எடுப்பது நினைவுக்கான அடையாளம்.

புதிய ஐகானைப் பார்த்த பிறகு மனம் முன்முடிவோடு பார்க்க ஆரம்பித்துவிடும். அதற்கு முன் எழுதிய எண் அந்தச் சாய்வுக்கு ஆட்படாதது. கூடவே, முகவரிப் பட்டையில் அபவுட்:சப்போர்ட் என்ற உள்பக்கத்தைத் திறந்து அதன் முழு உரையையும் நகலெடுத்துச் சேமியுங்கள். பதிப்பு எண், கிராஃபிக்ஸ் இயக்கி, எக்ஸ்டென்ஷன்கள், மாற்றப்பட்ட அமைப்புகள் எல்லாம் அதில் உண்டு. இந்த உள்பக்கங்களின் பெயரை ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் தட்ட வேண்டும்.

4. நைட்லியைத் தனியாக நிறுவுங்கள்

ரிலீஸை நீக்க வேண்டாம். நைட்லி தனி ஐகானோடு, தனி இடத்தில் அமர்ந்துகொள்ளும். 2019இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல் ஒவ்வொரு நிறுவலும் தனக்கென்று ஒரு புரொஃபைலை (உங்கள் அமைப்புகளும் தரவும் சேரும் கோப்புறை) வைத்துக்கொள்கிறது. உங்கள் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் ரிலீஸின் புரொஃபைலில் பத்திரமாக இருக்கும்.

ஆபத்து எப்போது வருகிறதென்றால், "என் டேப்கள் எல்லாம் வேண்டும்" என்று பழைய புரொஃபைலை நைட்லியில் வலிந்து திறக்கும்போது. புதிய பதிப்பு அதிலுள்ள தரவுக் கோப்புகளின் அமைப்பை மாற்றிவிடலாம். அதன் பிறகு ரிலீஸ் அதே புரொஃபைலைத் திறக்க மறுத்து, புதிய புரொஃபைல் உருவாக்கச் சொல்லும். அந்தத் தடை உங்கள் தரவைக் காப்பதற்காகவே இருக்கிறது. மீறித் திறக்கும் வழிகளைத் தேடாதீர்கள். உண்மையாகவே பழைய புரொஃபைலோடு சோதிக்க வேண்டியிருந்தால், பிரவுசரை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாக நகலெடுத்து, நகலை மட்டும் நைட்லியில் திறக்கவும்.

உங்கள் பிரவுசர்களின் தரவை ஒத்திசைக்கும் சிங்க் கணக்கில் இப்போதைக்கு உள்நுழைய வேண்டாம். எக்ஸ்டென்ஷன்களும் சில அமைப்புகளும் பின்னணியில் இறங்கி வந்து, அடுத்த படியில் செய்யப்போகும் சமன்படுத்தலைக் குலைத்துவிடும்.

5. இரண்டு பக்கத்தையும் சமமாக்குங்கள்

இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிடத் தகுந்த படி இதுதான். ஐந்து வருடமாகப் புழங்கி, பத்து எக்ஸ்டென்ஷனும் பெருத்த வரலாறும் சேர்ந்த ரிலீஸ் புரொஃபைலை, நேற்று பிறந்த நைட்லி புரொஃபைலோடு ஒப்பிடுவது, மூட்டையோடு ஒருவரையும் வெறுங்கையோடு ஒருவரையும் ஓடவிட்டு யார் வேகமானவர் என்று கேட்பது போன்றது. "நைட்லிக்கு மாறினேன், பிரவுசர் புதிதாகிவிட்டது" என்ற மகிழ்ச்சியில் பெரும்பகுதி புதிய புரொஃபைல் தந்தது.

ரிலீஸில் அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்து, சோதனைக்கென்று புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். நைட்லியிலும் அப்படியே. அந்தப் பக்கம் புதிதாக உருவாக்கியதையே இயல்பாகத் திறக்கும் புரொஃபைலாக மாற்றிவிடக்கூடும். உங்கள் அன்றாடப் புரொஃபைலை மீண்டும் இயல்பானதாகக் குறிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை பிரவுசரைத் திறந்ததும் எல்லாம் காணாமல் போனது போல் இருக்கும்.

பிறகு இரண்டிலும் இவற்றை ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

எக்ஸ்டென்ஷன்: முதல் சுற்றில் எதுவும் வேண்டாம். விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும், பக்கம் ஏறும் நேரம் தலைகீழாக மாறிவிடும்.

டிராக்கிங் தடுப்பு: இரண்டிலும் "ஸ்டாண்டர்ட்", அல்லது இரண்டிலும் "ஸ்ட்ரிக்ட்".

ஆய்வுகள்: செட்டிங்ஸின் தனியுரிமைப் பகுதியில், ஆய்வுகளை நிறுவி இயக்க அனுமதிக்கும் பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். மொசில்லா சில அம்சங்களைப் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தொலைவிலிருந்து இயக்கிப் பார்க்கும். ஒரே பில்டை வைத்திருக்கும் இரண்டு பேருக்கு வேறு வேறு முடிவு வருவதற்கு இது ஒரு காரணம்.

புதுப்பிப்பு: "புதுப்பிப்பைத் தேடு, நிறுவுவதை நான் முடிவு செய்கிறேன்" என்ற பொருள் தரும் தேர்வுக்கு மாற்றுங்கள். நாளுக்கு இருமுறை மாறும் பில்டு உங்கள் சோதனையின் நடுவிலேயே மாறிவிடக் கூடாது. டெப் தொகுப்பு என்றால் புதுப்பிப்பு ஏ.பி.டி. வழியாக வரும், சோதனை முடியும்வரை அதை ஓட்டாமல் இருந்தால் போதும்.

கடைசியாக நைட்லியின் அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் பில்டு ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அமைந்த 14 இலக்க எண் அது. நைட்லி விஷயத்தில் பதிப்பு எண் மட்டும் போதாது. ஒரே பதிப்பு எண்ணைத் தாங்கி வாரக்கணக்கில் பில்டுகள் வரும்.

அதே பக்கத்தில் கிராஃபிக்ஸ் பகுதியில் "காம்போசிட்டிங்" என்ற வரியையும் பாருங்கள். ஒன்றில் "வெப்ரெண்டர்" என்றும் மற்றதில் "வெப்ரெண்டர் சாஃப்ட்வேர்" என்றும் இருந்தால், ஒன்று கிராஃபிக்ஸ் சில்லையும் மற்றது செயலியையும் பயன்படுத்தி வரைகிறது என்று பொருள். அந்த நிலையில் உருட்டல் வேகத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்பதே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. காரணம் பெரும்பாலும் அதே பகுதியின் கீழ்ப்பகுதியில் எழுதியிருக்கும்.

6. கணினியை அமைதியாக்குங்கள்

புதிய புரொஃபைலை முதன்முறை திறந்ததும் உடனே அளக்காதீர்கள். ஆபத்தான தளங்களின் பட்டியல், வீடியோவுக்கான துணைக்கூறுகள், தொலை அமைப்புகள் என்று பின்னணியில் பலவும் இறங்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் சும்மா விடுங்கள், மூடுங்கள், மறுபடி திறங்கள். பில்டைப் புதுப்பித்த பிறகு வரும் முதல் திறப்பும் தாமதமாகவே இருக்கும், ஏனென்றால் தொடக்கத்துக்கான தற்காலிகச் சேமிப்பை அது புதிதாகக் கட்டுகிறது. அந்தத் திறப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விண்டோஸ் புதுப்பிப்பு, மேகச் சேமிப்பு ஒத்திசைவு, வைரஸ் ஸ்கேன் ஆகியவை ஓடவில்லை என்று டாஸ்க் மேனேஜரில் உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்திவிடச் சொல்லவில்லை, அது ஓய்வாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது விண்டோஸ் டிஃபெண்டர் செயலியை அளவுக்கு மீறிப் பயன்படுத்திய பிரச்சினை ஒன்று பல ஆண்டுகள் நீடித்து, 2023இல் டிஃபெண்டர் பக்கத்தில் செய்த திருத்தத்தால்தான் தீர்ந்தது. பிரவுசர் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பிரவுசருக்கு வெளியேயும் இருக்க முடியும்.

மற்ற பிரவுசர்களை மூடுங்கள். ரிலீஸை அளக்கும்போது நைட்லியும், நைட்லியை அளக்கும்போது ரிலீஸும் மூடியிருக்க வேண்டும். வெளித்திரை இணைத்திருந்தால் இரண்டு சோதனையும் ஒரே திரையில் நடக்கட்டும்: 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு (திரையில் ஒருமுறை வரையப்படும் படம்) சுமார் 16.7 மில்லிவிநாடி, 144 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லிவிநாடிதான். ஒரே பிரவுசரே இரண்டு திரையில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

7. அளவெடுங்கள்

முதலில் ஒரு பொது பெஞ்ச்மார்க், அதாவது ஒரே வேலையைக் கொடுத்து வேகத்துக்கு மதிப்பெண் தரும் சோதனை. ஸ்பீடோமீட்டர் 3ஐப் பரிந்துரைக்கிறேன். ஆப்பிள், கூகுள், மொசில்லா மூன்று தரப்பும் கூட்டாகப் பராமரித்து 2024 மார்ச்சில் வெளியிட்டது இது. பட்டியலில் வரி சேர்ப்பது, உரை திருத்துவது, வரைபடம் வரைவது போன்ற அன்றாட வலைச்செயலிகளின் வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்து மதிப்பெண் தரும். எண் கூடினால் நல்லது. கூடவே பிழை எல்லையையும் காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கு வேலைக்கு ஜெட்ஸ்ட்ரீம், வரைகலைக்கு மோஷன்மார்க். உங்கள் கேள்விக்குப் பொருந்துவதை மட்டும் ஓட்டுங்கள்.

ஓட்டும் வரிசை முக்கியம். ரிலீஸை ஐந்துமுறை ஓட்டிவிட்டு நைட்லியை ஐந்துமுறை ஓட்டினால், இரண்டாவதாக வருவது சூடேறிய கணினியில் ஓடுகிறது. வெப்பம் கூடினால் செயலி தானாக வேகத்தைக் குறைக்கும். எனவே ரிலீஸ், நைட்லி, நைட்லி, ரிலீஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சூட்டின் பாதிப்பு இரண்டுக்கும் பங்காகிவிடும். நடுவில் இரண்டு நிமிட இடைவெளி கொடுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு, குறைந்தது ஐந்து எண்கள் கையில் இருக்கட்டும்.

ஓடும்போது ஜன்னல் முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டேப்பை மாற்றினாலோ, வேறு ஜன்னல் மேலே வந்து மறைத்தாலோ, பிரவுசர் அதைப் பின்னணி என்று கருதி வேலையைத் தளர்த்தும். டெவலப்பர் கருவிகள் திறந்திருக்கக் கூடாது. ஜன்னல் அளவும் ஜூம் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். மவுஸைத் தொடாதீர்கள்.

இனி எண்களைப் படிப்பது. சராசரியைவிட இடைநிலையை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பாருங்கள். ஒரே ஒரு கெட்ட ஓட்டம் சராசரியை இழுத்துவிடும். அடுத்து வீச்சு. உதாரணமாக ரிலீஸில் 14.1, 14.3, 14.4 என்றும், நைட்லியில் 14.0, 14.2, 14.6 என்றும் வந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. அங்கே சொல்வதற்கு எதுவும் இல்லை, 14.6ஐ மட்டும் படம் எடுத்துப் பகிர்வது தவறான தகவல். ரிலீஸின் மிக நல்ல எண்ணைவிட நைட்லியின் மிக மோசமான எண் மேலே இருந்தால் அது நிஜமான முன்னேற்றம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரிலீஸில் இல்லாத சில உள்சரிபார்ப்புகள் நைட்லியில் இயங்கும். நிரல் தவறான நிலைக்குப் போனால் அங்கேயே நிறுத்திக் காட்டுவதற்காக அவை வைக்கப்பட்டிருக்கின்றன. பிரவுசர் எங்கே உறைகிறது என்று கண்காணிக்கும் கூறும் நைட்லியில் ஓடுகிறது. எனவே ரிலீஸைவிட நைட்லி ஓரிரு சதவீதம் பின்தங்கினால் அதை உடனே பிழை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாற்றம் உண்மையில் வேகத்தைக் கெடுத்ததா என்று அறிய, இன்றைய நைட்லியைப் போன வார நைட்லியோடு ஒப்பிடுவதே நேர்மையான வழி. அதற்கான கருவி பத்தாம் படியில் இருக்கிறது.

பெஞ்ச்மார்க்கோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் உண்மையில் படிக்கும் பக்கங்களில்தான் உங்கள் சோதனையின் மதிப்பு இருக்கிறது. தமிழ் உரை ஆங்கிலம் போல எழுத்துக்கு ஒரு உருவமாக வரையப்படுவதில்லை. "கொ" என்பதில் ஒரு குறி எழுத்துக்கு முன்னும் இன்னொன்று பின்னும் பிரிந்து நிற்க வேண்டும். "கு", "டு" போன்றவை புது உருவமே எடுக்கின்றன. இந்த உருவமைப்பை ஃபயர்ஃபாக்ஸில் ஹார்ஃபபஸ் என்ற நூலகம் செய்கிறது. பக்கத்துக்கான எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், கணினியில் உள்ள வேறு எழுத்துருவைத் தேடிப் பிடிக்கும் வேலையும் சேரும். நூற்றுக்கணக்கான பின்னூட்டங்களோடு நீளும் தமிழ்ப் பக்கம், பல நூறு பக்கத் தமிழ்ப் பி.டி.எஃப். ஆகியவற்றில் மட்டும் தலைகாட்டும் தாமதத்தை நம்மில் ஒருவர் சொன்னால்தான் மொசில்லாவின் நிரலாளர்களுக்குத் தெரியும்.

செய்திப் பக்கங்களில் ஒவ்வொரு முறையும் விளம்பரம் மாறும், இணைய வேகமும் ஏறி இறங்கும். அதைத் தவிர்க்க, பக்கத்தை முழுமையாகச் சேமித்து, சேமித்த கோப்பையே இரண்டு பிரவுசரிலும் திறந்து சோதியுங்கள். அப்போது மிஞ்சும் வித்தியாசம் பிரவுசருடையதாகவே இருக்கும்.

திறப்பு நேரத்துக்குப் போன் கேமரா போதும். விநாடிக்கு 60 சட்டகம் வைத்து வீடியோ எடுத்து, ஐகானை அழுத்திய சட்டகத்துக்கும் ஜன்னல் முழுதாக வந்த சட்டகத்துக்கும் இடையே எண்ணுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தபின் வரும் முதல் திறப்பையும், மூடித் திறக்கும் அடுத்தடுத்த திறப்புகளையும் தனித்தனி வரிசையில் எழுதுங்கள். முதலாவதில் கோப்புகள் வட்டிலிருந்து வருகின்றன, மற்றவற்றில் நினைவகத்திலிருந்து.

நினைவகத்துக்கு அபவுட்:மெமரி. ஒரே டேப்களை ஒரே வரிசையில் திறந்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்து, அறிக்கையைக் கோப்பாகச் சேமியுங்கள். முகவரிகளை மறைக்கும் தேர்வும் அங்கேயே உண்டு.

8. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

"ஃபயர்ஃபாக்ஸை இரட்டிப்பு வேகமாக்கும் 20 அமைப்புகள்" போன்ற பட்டியல்கள் இணையத்தில் பத்து வருடமாகச் சுற்றுகின்றன. அவற்றை, உள் அமைப்புகள் எல்லாம் பட்டியலாக இருக்கும் அபவுட்:கான்ஃபிக்கில் மொத்தமாக ஒட்டுவது சோதனைக்குப் பெருங்கேடு. பல அமைப்புகள் இப்போது நிரலிலேயே இல்லை. சில இயல்பாகவே இயக்கத்தில் உள்ளன. சில ஒன்றையொன்று எதிர்க்கும். இருபதையும் மாற்றியபின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று சொல்ல வழியில்லை.

சோதனை அம்சங்களை முயல விரும்பினால் செட்டிங்ஸில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் லேப்ஸ் பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஒன்றை இயக்குங்கள், மூடித் திறங்கள், ஏழாம் படியை முழுதாக ஓட்டுங்கள், எழுதுங்கள், பழைய நிலைக்குத் திருப்புங்கள். பிறகே அடுத்தது. அபவுட்:கான்ஃபிக்கில் மாற்றியவை தடித்த எழுத்தில் தெரியும். ஓரத்தில் உள்ள திருப்பும் பொத்தானை அழுத்தினால் இயல்புக்கு வந்துவிடும்.

9. மெதுவான தருணத்தைப் பதிவு செய்யுங்கள்

பெஞ்ச்மார்க் எண் "எவ்வளவு" என்று சொல்லும். "ஏன்" என்பதற்கு, பிரவுசரின் நேரம் எந்த வேலையில் போகிறது என்று பதிவு செய்யும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலர் வேண்டும். அதன் தளத்தில் பொத்தானை இயக்கினால் கருவிப்பட்டையில் ஐகான் வந்துவிடும். முன்னமைவுகளில் பொதுவான தேவைக்குப் பிரவுசரின் பெயரையே கொண்ட தேர்வு, உருட்டல் திணறலுக்கு கிராஃபிக்ஸ், வீடியோவுக்கு மீடியா, மின்செலவுக்குப் பவர்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். திணறலை உண்டாக்குங்கள். உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட், 2. பதிவு புதிய டேப்பில் திறக்கும். பத்து விநாடிக்குள் முடியுங்கள். ஐந்து நிமிடப் பதிவில் அரை விநாடித் திணறலைத் தேட வேறொருவரின் நேரம் போகும். பதிவு ஓடும்போது பெஞ்ச்மார்க் மதிப்பெண் எடுக்காதீர்கள், ஏனென்றால் பதிவு செய்வதும் ஒரு சுமை.

பதிவேற்றும் முன் ஒரு எச்சரிக்கை. அந்தப் பதிவில் திறந்திருந்த பக்கங்களின் முகவரிகளும் எக்ஸ்டென்ஷன் விவரங்களும் இருக்கலாம். பதிவேற்றும் பெட்டியில் எவை குறியிடப்பட்டுள்ளன என்று நிதானமாகப் படித்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் டேப்கள் சோதனைப் புரொஃபைலில் திறந்திருக்கவே கூடாது என்பது இன்னும் நல்ல பாதுகாப்பு.

10. எந்த நாளில் கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது திணறுகிறது என்றால், இடையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எது காரணம்? மொஸ்ரிக்ரெஷன் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. பைத்தான் வழியாக நிறுவலாம். கட்டளைவரி பழகாதவர்களுக்கு ஜன்னல் வடிவமும் உண்டு.

நன்றாக இருந்த தேதி ஒன்றையும் கெட்ட தேதி ஒன்றையும் கொடுங்கள். நடுத்தேதியின் பில்டை இறக்கித் தனிப் புரொஃபைலில் திறக்கும். சோதித்துவிட்டு நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால் மீதியைப் பாதியாக வெட்டும். ஒரு மாத இடைவெளி ஐந்தாறு கேள்வியில் ஒரே நாளாகச் சுருங்கிவிடும். அதன்பின் அந்த நாளுக்குள் சேர்ந்த மாற்றங்களைத் தனித்தனியே சோதிக்க முயலும். இந்த இடைப்பட்ட பில்டுகள் ஏறக்குறைய ஓராண்டுதான் சேமிப்பில் இருக்கும் என்பதால், பழைய பிரச்சினைகளுக்கு நாள் அளவிலான பதில் மட்டுமே கிடைக்கும். கண்டதும் சோதித்துவிடுவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடியுங்கள். சந்தேகம் வந்தால் ஊகித்துச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு தவறான பதில் போதும், தேடல் முழுவதும் பிழையான பாதிக்குள் போய்விடும். மறுபடி ஓட்டும் கட்டளையும் ஒரு படி பின்னால் போகும் கட்டளையும் இருக்கின்றன. பில்டு திறக்கவே இல்லையென்றால் தாண்டச் சொல்லுங்கள், கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள். திணறல் அவ்வப்போது மட்டும் வருமானால், எத்தனை முறை முயன்று வராவிட்டால் "நல்லது" என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறிப்பிட்ட தேதியின் பில்டை மட்டும் திறக்கும் வசதியும் இதில் உண்டு. ஏழாம் படியில் சொன்ன நைட்லிக்கு நைட்லி ஒப்பீட்டை இதை வைத்துச் செய்யலாம்.

11. பிழையைப் பதிவு செய்யுங்கள்

பக்ஸில்லாவில் முதலில் தேடுங்கள். அதே பிரச்சினையை வேறொருவர் பதிந்திருந்தால் உங்கள் எண்களையும் புரொஃபைலர் இணைப்பையும் அங்கேயே சேர்ப்பது புதிய பதிவைவிடப் பயன் தரும்.

புதிதாகப் பதிவதென்றால் தலைப்பிலேயே செயலும் விளைவும் வரட்டும். "நைட்லி மெதுவாக உள்ளது" என்ற தலைப்பு யார் கண்ணிலும் நிற்காது. "2000 வரித் தமிழ்ப் பக்கத்தில் உருட்டும்போது சட்டகங்கள் தவறுகின்றன, ரிலீஸில் இல்லை" என்பது நிற்கும். பதிவு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எளிய சிறு வாக்கியங்கள் போதும், இலக்கணத்துக்காகத் தயங்க வேண்டாம்.

உள்ளே: செய்ய வேண்டிய படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, இரண்டு பக்கத்தின் எல்லா எண்களும், பில்டு ஐடி, அபவுட்:சப்போர்ட் உரை, புரொஃபைலர் இணைப்பு, மொஸ்ரிக்ரெஷன் கொடுத்த வரம்பு. நல்ல எண்களை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள். சேமித்து வைத்த பக்கம் தனிப்பட்ட விவரம் இல்லாததாக இருந்தால் அதையும் இணையுங்கள். எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாவிட்டால் "கோர்" என்ற தொகுதியின் "பெர்ஃபார்மன்ஸ்" பிரிவு சரியான தொடக்கம். தவறினால் மொசில்லாவினரே மாற்றிக்கொள்வார்கள்.

12. சோதனையை வீணாக்கும் சில பழக்கங்கள்

எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்பதற்காக, பழுது கண்டறிவதற்கான ட்ரபிள்ஷூட் மோடில் வேகத்தை அளப்பது. அந்த நிலையில் வன்பொருள் முடுக்கமும் (கிராஃபிக்ஸ் சில்லைக் கொண்டு வரைவது) ஜாவாஸ்கிரிப்ட்டை வேகமாக்கும் ஜிட் கம்பைலரும் நிறுத்தப்படுகின்றன. பழுது எக்ஸ்டென்ஷனால்தானா என்று அறிய அது நல்ல கருவி, வேகத்தை அளக்க அல்ல.

பிரைவேட் ஜன்னலைப் புதிய புரொஃபைல் என்று எண்ணுவது. உங்கள் மாற்றப்பட்ட அமைப்புகள் எல்லாம் அங்கேயும் தொடர்கின்றன.

இன்று ரிலீஸ், நாளை நைட்லி என்று பிரித்து அளப்பது. இடையில் இயங்குதளம் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம், பக்கமே மாறியிருக்கலாம். ஒரே அமர்வில் முடிக்க முடியாவிட்டால் இரண்டையும் மறுநாள் முதலிலிருந்து எடுங்கள்.

வேறொருவரின் கணினியில் வந்த மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுவது. செயலி, வெப்பம், திரை எல்லாம் வேறு. உங்கள் கணினியில் இரண்டு பில்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் நீங்கள் சொல்ல முடியும், அதுதான் நிரலாளர்களுக்கும் வேண்டும். பழைய, நினைவகம் குறைந்த கணினி வைத்திருப்பவர்கள் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். நிரலாளர்களின் மேசையில் இருக்கும் வேகமான கணினிகளில் மறைந்துபோகும் தாமதங்கள் உங்களிடம்தான் வெளியே தெரியும்.

13. பதிந்த பிறகு

பக்ஸில்லாவிலிருந்து வரும் மின்னஞ்சல்களைத் தவறாமல் பாருங்கள். உங்கள் பெயரில் "நீட்இன்ஃபோ" குறி வைத்துக் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அந்தப் பிழை பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஒரு அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள், அல்லது திருத்தம் சேர்த்த தனிப் பில்டு ஒன்றை இறக்கிச் சோதிக்கச் சொல்வார்கள். சோதனைப் புரொஃபைலையும் சேமித்த பக்கத்தையும் விரிதாளையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.

திருத்தம் சேர்ந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தால், அதற்குப் பிந்தைய பில்டு ஐடி கொண்ட நைட்லியை இறக்கி, ஏழாம் படியை அதே பக்கத்தில், அதே வரிசையில், அதே திரையில் மறுபடி ஓட்டுங்கள். கிடைத்த எண்களைப் புதிய பில்டு ஐடியோடு அந்தப் பதிவிலேயே எழுதுங்கள். திணறல் இன்னும் மிச்சமிருந்தால் புதிய புரொஃபைலர் பதிவொன்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.